தகரத்தில் காய்ந்த மண்

அந்த மண்ணைத் தகரத்தின் மேல், சித்திரை வெயிலில் காயவைத்தவன் நான்தான். நிழலில் காயவைத்தேன் என்று உங்களிடம் சொன்னது பொய். உங்கள் கை எந்த இடத்திலும் பிசகவில்லை. இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் சார். பின்னால் எழுதலாம் என்று தள்ளினால், அன்றைக்குத் தொண்டையில் நின்றது இன்றைக்குப் பேனாவில் நின்றுவிடும்.

போன வாரம் உங்கள் வீட்டம்மா சங்கரன்கோவிலுக்கு வந்தார்கள். சாமி கும்பிட்டு, நெற்றியில் கோயில் பிரசாதப் புற்றுமண்ணோடு நேராக என் உரக்கடைக்கு வந்தார்கள். நீங்கள் கண்ணை மூடி ஒரு வருஷம் திரும்பிவிட்டது. கையில் ஒரு சின்னத் துணிப்பை. மேசைமேல் வைத்து முடிச்சை அவிழ்த்தார்கள். பாச்சை உருண்டை வாசம் வந்தது, அதற்கு அடியிலிருந்து காய்ந்த கரிசலின் வாசம். பைக்குள் மண்ணோடு உங்கள் கையெழுத்தில் ஒரு அட்டை. ஊர்: கரிவலம்வந்தநல்லூர். பயிர்: பருத்தி. ஆழம்: ஒரு சாண். உலர்த்தியது: நிழலில். கொண்டுவந்தவர்: அண்ணாச்சி.

"இவுக டிரங்குப் பெட்டிக்குள்ள இருந்துச்சு அண்ணாச்சி. அடிக்கடி எடுத்து வச்சுப் பாப்பாக. 'இதுல நான் எங்கயோ தப்புப் பண்ணியிருக்கேன், எங்கனன்னுதான் தெரியல'ம்பாக. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாளும் இதையே சொன்னாக. உங்ககிட்ட குடுத்தா என்னன்னு தெரியும்னு கொண்டாந்தேன்."

நான் கலர் சோடா வாங்கிக் கொடுத்தேன். பஸ் ஏற்றிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். பையைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மதிய வெயில் ஏறியதும் கோடவுன் கூரைத் தகரம் விரிந்து டக், டக்கென்று சத்தம் கொடுத்தது. எல்லாத் தகரமும் வெயிலில் அப்படித்தான் சத்தம் போடும். எட்டு வருஷமாக எனக்கு மட்டும் யாரோ மேலே நடக்கிற மாதிரி இருக்கிறது.

நீங்கள் முதன்முதலில் கடைக்கு வந்த நாள் ஞாபகம் இருக்கிறது. முழுக்கைச் சட்டை, அதில் அமிலம் தெறித்த ஓட்டைகள். சம்சாரி ஒருத்தர் தன் வயலிலிருந்து கொண்டுவந்திருந்த மஞ்சள் விழுந்த இலையை வாங்கிப் பார்த்தீர்கள். நான் அதற்குள் அன்னபேதிப் பொட்டலம் கட்டிவிட்டேன். இலை மஞ்சளித்தால் இரும்புச் சத்துக் குறை, அதற்கு அன்னபேதி. என் கடையில் அதுதான் சட்டம்.

"என்ன அண்ணாச்சி, எல்லா மஞ்சளுக்கும் ஒரே மருந்தா?"

"எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே ஊசிதான சார் போடுதாங்க?"

"அப்ப நீங்களும் டாக்டருதான். போர்டுல எழுதிப் போட வேண்டியதுதான."

அப்படிச் சிரித்துக்கொண்டே ஆரம்பித்த பழக்கம். மண் ஆய்வுக்கூடத்துக்கு மாற்றலாகி வந்திருக்கிறீர்கள் என்று அப்புறம் தெரிந்தது. பஸ்ஸில் ஒரு மணி நேரம். சம்சாரிகள் அவ்வளவு தூரம் மண்ணைத் தூக்கிக்கொண்டு வரமாட்டார்கள் என்பதால், என் கடையில் கொடுத்தால் நான் வாரம் ஒருமுறை கொண்டுவந்து சேர்ப்பது என்று பேசிக்கொண்டோம். எனக்கு அதில் ஆதாயம் உண்டு. ஆய்வுச் சீட்டு வாங்க வருகிறவன் உரமும் என்னிடம்தான் வாங்குவான். அது உங்களுக்கும் தெரியும். "நீங்க யாவாரத்தப் பாருங்க, எனக்கு மண்ணு வந்தாப் போதும்" என்றீர்கள். சைக்கிளில் புண்ணாக்கு மூட்டை வைத்து ஊர் ஊராக விற்று மேலே வந்தவன் நான். ஆபீசர் ஒருத்தர் என் முகத்துக்கு நேராக இப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மாங்கனீசு பார்ப்பதை ஒருநாள் எனக்குக் காட்டினீர்கள். சலித்த மண்ணை நிறுத்துப் போட்டு, ஒரு கரைசலை ஊற்றி, இரண்டு மணி நேரம் ஆட்டும் கருவியில் குலுக்கி, வடிதாளில் வடித்தீர்கள். வடித்த தண்ணீரில் பார்க்க ஒன்றுமே இல்லை. அமிலம் விட்டுச் சுண்டக் காய்ச்சி, ஏதோ ஒரு வெள்ளைத் தூளைப் போட்டுக் கொதிநீர்ச் சட்டியில் வைத்தீர்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வெறும் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. கிணற்றில் போடும் மருந்தின் நிறம். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு மாங்கனீசு. அதை ஒரு பெட்டிக்குள் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதினீர்கள்.

"மண்ணுல மொத்தம் எவ்வளவு இருக்குங்கது கேள்வியே இல்ல அண்ணாச்சி. செடியோட வாய்க்கு எட்டுறது எவ்வளவு? அதத்தான் நான் தேடுதேன்."

எனக்கு உடனே புரிந்தது. கோடவுனில் அடுக்கியிருக்கும் சரக்கு வேறு, மேசைக்கு வந்த சரக்கு வேறு. வாங்க வந்தவனுக்கு மேசையில் இருப்பதுதான் சரக்கு. இதைச் சொன்னதும் நீங்கள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தீர்கள். சிரித்து முடித்துவிட்டுச் சொன்னீர்கள்: "நம்ம பக்கத்து சுண்ணாம்பேறுன சுக்கான்கல்லுக் கரிசல்ல அந்தக் கோடவுன் பூட்டியே கிடக்கும். வெயில்ல போட்டுச் சுட்டா மட்டும் கதவு தொறந்துக்கிடும். வயல்ல இல்லாத சரக்கு என் மேசையில வந்து நிக்கும். வெயில்ல காஞ்ச மண்ணு பொய் சொல்லும் அண்ணாச்சி. நிழல்ல போடுங்க, ஆறப்போடுங்க."

கேட்டேன். தலையாட்டினேன். மனசுக்குள், சாருக்குச் சுத்தபத்தம் கொஞ்சம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டேன். வத்தல், மல்லி, வேப்பங்கொட்டை, நனைந்துபோன உரம் எல்லாவற்றையும் அந்தத் தகரத்தில்தான் நான் காயவைப்பேன். மண் மட்டும் என்ன பெரிய பொருள் என்று நினைத்தேன். அங்கேதான் கெட்டது.

மாடத்தி வந்தது ஒரு சனிக்கிழமை. கரிவலம்வந்தநல்லூரில் இரண்டு ஏக்கர், ஒரு கிணறு. புருஷன் செத்தபிறகு தனியாகவே சம்சாரித்தனம் பார்த்தாள். அந்த வருஷம் கோடைப் பருத்தி போட்டிருந்தாள். கொழுந்திலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று நடுவெல்லாம் வெளுத்திருந்தது. முந்தின நாள்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தாள். சாக்கில் கொண்டுவந்தது மண் இல்லை, களி.

"அண்ணாச்சி, இன்னைக்கே அனுப்பிரும். அந்தச் சார் திங்கக்கிழமைல இருந்து லீவாம்லா? பதினஞ்சு நாளு கழிச்சு வந்து பாத்தா அங்கன செடியா இருக்கும், வெறகுதான் இருக்கும்."

நிழலில் போட்டால் ஐந்து நாள் ஆகும். மதியம் பஸ். முடியாது என்று சொல்லியிருக்கலாம். தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டிருந்த உங்களிடம் வந்து, சார், ஈரமாக இருக்கிறது, நீங்களே நிழலில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சியிருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை. முடியாது என்ற வார்த்தையை வாடிக்கைக்காரரிடம் சொல்லக்கூடாது என்று வாழ்ந்தவன் நான். ஏணி வைத்து ஏறினேன். தகரத்தில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. களியைப் பிட்டுப் பிட்டுப் பரப்பினேன். பன்னிரண்டு மணிக்குள் பொரிகடலை மாதிரி உதிர்ந்தது.

ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கிளம்பும் அவசரத்தில் இருந்தீர்கள். மண்ணை உள்ளங்கையில் எடுத்துத் தேய்த்தீர்கள்.

"நல்லாக் காஞ்சிருக்கே. நிழல்தான?"

"நிழல்தான் சார்."

"புத்துமண்ணு மேல சத்தியமா?" என்று என் நெற்றியைப் பார்த்துச் சிரித்தீர்கள். விளையாட்டுக்குக் கேட்டீர்கள். காலையில் கோயிலுக்குப் போய் வைத்துக்கொண்ட மண் வேர்வையில் கரைந்து என் புருவத்துக்கு இறங்கியிருந்தது. நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். என் பொய்க்கு நெற்றியில் இருந்த மண்ணையே சாட்சி வைத்தேன்.

ஊருக்குப் போவதைத் தள்ளிப்போட்டு ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து மாடத்தியின் மண்ணைப் பார்த்தீர்கள். திங்கட்கிழமை பஸ் நிலையத்தில் சீட்டைக் கையில் கொடுத்தபோது உங்கள் முகம் சரியில்லை. "இலையப் பாத்தா மாங்கனீசுக் குறைன்னுதான் கண்ணு சொல்லுது. மண்ணு 'போதும், போதும்'ங்குது. ரெண்டு தடவ பண்ணிட்டேன், நிறம் அப்படியே வருது. என் கண்ணை நம்பவா, பெட்டிய நம்பவா? பெட்டியத்தான் நம்பணும்." மாங்கனீசு போதும் என்று எழுதியிருந்தது. அது இல்லையென்றால் இரும்பு. என் கோடவுனில் அன்னபேதி நாள்பட்டுக் கசிந்துகொண்டிருந்தது. அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

மாடத்தி அந்த அன்னபேதியை மூன்று தடவை தெளித்தாள். ஒவ்வொரு தடவைக்கும் செடி இன்னும் வெளுத்தது. பிஞ்சு உதிர்ந்தது. நீங்கள் சொன்ன மாங்கனீசுக் கதை எனக்கு அப்போதுதான் உறைத்தது. இரும்பை ஏற்ற ஏற்ற இருக்கிற மாங்கனீசையும் செடி எடுக்காது என்று நீங்களே ஒருநாள் சொல்லியிருக்கிறீர்கள். அவளிடம் வாயைத் திறந்தேனா? இல்லை. இன்னொரு வாரம் பொறுத்துப் பார் என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் பொறுக்கவில்லை. வேரோடு பிடுங்கிய ஒரு செடியோடு ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். நான் அப்போது உங்கள் அறையில்தான் இருந்தேன். செடியை உங்கள் மேசைமேல் போட்டாள். காய்ந்த இலை கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவில் சிதறியது.

"இந்தாரும், உம்ம பொட்டி சொன்ன பருத்தி. பாத்துக்கிடும். கெவர்மெண்டு சம்பளம் வாங்கிக்கிட்டு கலர்த் தண்ணியா காட்டுதீரு? கிணத்தையும் நிலத்தையும் ஒத்திக்கு விட்டுட்டு நான் எங்கனவே போவேன்?"

பக்கத்து அறை ஆட்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். நீங்கள் இலைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்கள். அவள் போனபிறகு என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "அண்ணாச்சி, நான் எங்கன தப்புப் பண்ணினேன்?"

அந்த அறையில் அதற்குப் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "விடுங்க சார், பொம்பளை கோவத்துல பேசுதா" என்றேன்.

அதற்கப்புறம் நீங்கள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். குப்பிகளை எல்லாம் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினீர்கள். காய்ச்சி வடித்த தண்ணீரை மாற்றினீர்கள். தராசைப் பிரித்துப் பார்த்தீர்கள். புதுத் தூள் வரவழைத்தீர்கள். நான் வாரம் தவறாமல் மண்ணோடு வருவேன். நீங்கள் வாரம் தவறாமல், இந்தத் தடவை இதைப் பார்த்துவிட்டேன், இதில் இல்லை என்று எனக்குச் சொல்வீர்கள். மீதியிருந்த அவள் மண்ணை எடுத்து மறுபடியும் மறுபடியும் பார்ப்பீர்கள். அதே கத்தரிப்பூ நிறம். ஒரு தடவை முன்னைவிட அடர்த்தியாகவே வந்தது. அதன்பிறகு மாங்கனீசு பார்ப்பதை நிறுத்தினீர்கள். மேலே எழுதிப்போட்டு, மண்ணைத் தொடாத ஒரு மேசை வேலைக்கு, வெளியூருக்குப் போய்விட்டீர்கள். வழியனுப்ப வந்த என்னிடம், "கை மேல நம்பிக்கை போயிருச்சு அண்ணாச்சி. நம்பிக்கை இல்லாத கையால அடுத்தவன் வயலுக்குச் சீட்டு எழுதக்கூடாது" என்றீர்கள்.

மாடத்தி நிலத்தை ஒத்திக்கு விட்டாள். கரிவலம் பஸ்ஸில் போகும்போது பார்ப்பேன். அதே இரண்டு ஏக்கரில், வேறு ஆள் போட்ட பயிரில், கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருப்பாள். நான் அந்தப் பக்கத்துச் சன்னல் சீட்டில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

நீங்கள் வெளியூருக்குப் போன மறு வருஷம் ஒரு காரியம் செய்தேன். அவள் வயலில் மண் எடுத்து இரண்டு பங்காக்கினேன். ஒன்று தகரத்தில், ஒன்று கடைக்குள் நிழலில். இரண்டையும் இரண்டு பேர் பெயரில் வேறொரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினேன். தகரத்து மண்ணில் மாங்கனீசு போதும் என்று வந்தது. நிழல் மண்ணில் மிகவும் குறைவு என்று வந்தது. ஒரே குழியில் எடுத்த மண். இரண்டு சீட்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உங்கள் ஊருக்கு பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பிவிட்டேன். கடிதம் எழுதலாம் என்றால், எழுத்து சாட்சியாகிவிடும் என்று வியாபாரப் புத்தி சொன்னது. அடுத்த தடவை நேரில், அடுத்த தடவை நேரில் என்று தள்ளினேன். ஒருநாள் நீங்கள் இறந்துவிட்டதாக உங்கள் மைத்துனர் தந்திதான் வந்தது.

இவ்வளவு காலம் நீங்கள் என்னை விடவில்லை சார். ஆஸ்பத்திரியில் புண் கழுவக் கரைத்து வைத்திருந்த கத்தரிப்பூ நிற மருந்துத் தண்ணீரைப் பார்த்ததும் வெளியே வந்துவிட்டேன். தீபாவளிக்கு என் வீட்டுக்காரி எடுத்த சேலை அந்த நிறம். மாற்றிவிட்டு வா என்றேன், காரணம் சொல்லவில்லை. நல்லவேளை, கிறுக்கு என்று நினைத்துக்கொண்டாள். கத்தரித் தோட்டத்து வரப்பில் நின்று உரம் பேசும்போது பூவைப் பார்க்காமல் பேசப் பழகியிருக்கிறேன். ஆனாலும் ஒன்று நினைத்து மனசைத் தேற்றியிருந்தேன். என்றைக்காவது நீங்களே கண்டுபிடித்திருப்பீர்கள், அண்ணாச்சி வெயிலில் போட்டுவிட்டான் என்று என்னை ஏசியிருப்பீர்கள் என்று. உங்கள் வீட்டம்மா கொண்டுவந்த அட்டை அதையும் பிடுங்கிக்கொண்டது. 'உலர்த்தியது: நிழலில்.' குப்பியைச் சந்தேகப்பட்டீர்கள், தண்ணீரைச் சந்தேகப்பட்டீர்கள், கடைசியில் உங்களையே சந்தேகப்பட்டீர்கள். என் ஒரு சொல்லை மட்டும் சந்தேகப்படவில்லை.

நேற்றுக் காலை பையை எடுத்துக்கொண்டு கரிவலம் போனேன். போன தை மாதம்தான் மாடத்தி ஒத்தியைத் திருப்பியிருக்கிறாள். தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். தகரம், பொய், இரண்டு சீட்டு, டிரங்குப் பெட்டி. சாணிக் கையோடு அப்படியே நின்றாள்.

"அப்ப அந்தச் சார் மேல தப்பே இல்லையா?"

"இல்ல."

"எட்டு வருசமா அந்த மனுசனப் பேரச் சொல்லிச் சொல்லி ஏசிக்கிட்டிருந்தேனேவே. அவரு மேசையில செடியத் தூக்கிப் போட்டேனே. அன்னைக்கு நீரும் அங்கனதான நின்னீரு?"

"நின்னேன்."

கையிலிருந்த சாணியை வழித்துக் கூடையில் போட்டாள். அப்புறம் என் சட்டைப் பையைப் பார்த்தாள். "காசு ஏதும் எடுத்துட்டு வந்திருந்தா வெளிய எடுக்காதேயும். செருப்பால அடிச்சிருவேன்."

எடுத்துத்தான் போயிருந்தேன். வெளியே எடுக்கவில்லை.

"முதல்ல அந்தம்மாகிட்ட போயிச் சொல்லும். அப்புறந்தான் இங்கன வரணும். ஆவணியில பருத்தி போடப்போறேன். மண்ணு பாக்கணும். நீரே தோண்டும், நீரே காயப்போடும். இந்தத் தொழுவத்து நெழல்ல. காயுத வரைக்கும் பக்கத்துலயே கிடயும், கோழி மிதிக்காம."

"கடை?"

"பூட்டும்."

பழக்கதோஷம், பேரம் பேசினேன். "மூணு நாளுல காஞ்சிரும் மாடத்தி."

"அஞ்சு நாளு."

"மத்தியானம் மட்டும் போயிட்டு ஓடி வந்திருதேன்."

"மத்தியானந்தானவே வெயிலு."

ஒத்துக்கொண்டேன். இந்த மடலை எடுத்துக்கொண்டு நாளைக் காலை முதல் பஸ்ஸில் உங்கள் வீட்டுக்குப் போகிறேன். உங்கள் படத்துக்கு முன்னால் வைத்து உங்கள் வீட்டம்மாவிடம் நானே வாசித்துக் காட்டுவேன். அவர்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன். உங்கள் துணிப்பையை மட்டும் திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. அது இனி என் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

மாடத்தியோடு பேசி முடித்த கணக்கு இது. ஒவ்வொரு விதைப்புக்கு முன்னும் ஐந்து நாள், நான் இருக்கும்வரை. கடை பூட்டு. மண் அவளுடையது, நிழல் அவள் தொழுவத்துடையது, காவல் நான். சீட்டில் உலர்த்தியவர் என்ற இடத்தில் என் முழுப்பெயர். மாங்கனீசு சல்பேட் தேவைப்பட்டால் முழு விலை கொடுத்து வாங்குவாள். ஒரு ரூபாய் குறைத்தாலும் வேறு கடைக்குப் போய்விடுவாள்.